பழைய லோரியில் ஸ்டியரிங் ஆட்டம்: காரணம் கண்டறிவதும் சரிசெய்வதும்

செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குப் போகும் லோரி, மணல் லோரி, காய்கறி லோரி, திருவிழாக் காலத்தில் பந்தல் சாமான் ஏற்றிவரும் சிறிய லோரி என நம்மவர்கள் ஓட்டிப் பிழைக்கும் வண்டிகளில் பல 15, 20 ஆண்டுகளைத் தாண்டியவை. இவற்றில் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்று: “ஸ்டியரிங் லூசாக இருக்கிறது.” ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை. நேரான சாலையிலும் வண்டி அலைகிறது. ஓட்டுநர் இடதும் வலதுமாகத் திருத்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

பல இடங்களில் இதற்குச் செய்யப்படும் முதல் வைத்தியம், ஸ்டியரிங் கியர் பாக்ஸின் மேலிருக்கும் திருகை முடுக்கிவிடுவது. ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை, ஆட்டமும் குறைந்தது போலத் தெரியும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. உண்மையான தேய்மானம் கீழே ஒரு பந்து மூட்டில் இருந்தால், திருகை முடுக்குவது அந்த மூட்டைச் சரிசெய்யாது. ஓட்டுநருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த எச்சரிக்கையை மட்டுமே மறைக்கும். அந்த மூட்டு ஒருநாள் கழன்றால் ஸ்டியரிங் கையில் இருக்கும், சக்கரம் தன்போக்கில் போகும்.

எனவே பழைய லோரியின் ஸ்டியரிங்கில் கடைப்பிடிக்க வேண்டிய விதி ஒன்றுதான்: முதலில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கியர் பாக்ஸ் திருகைக் கடைசியாகத்தான் தொட வேண்டும்.

ஸ்டியரிங்கிலிருந்து சக்கரம் வரை

நம் நாட்டில் ஓடும் பழைய இசுசு, ஹினோ, மிட்சுபிஷி ஃபூசோ, நிசான் போன்ற சிறிய, நடுத்தர லோரிகளில் பெரும்பாலானவை முன்பக்கம் ஒரே கட்டையான இரும்பு அச்சைக் கொண்டவை. அவற்றின் ஸ்டியரிங் அமைப்பு ஒரு சங்கிலி போன்றது.

ஸ்டியரிங் வட்டத்திலிருந்து ஒரு தண்டு கீழே இறங்குகிறது. அதில் ஒன்று அல்லது இரண்டு யூனிவர்சல் ஜாயிண்ட் இருக்கும். சில வண்டிகளில் திசையை மாற்ற ஒரு சிறு பல்சக்கரப் பெட்டியும் இடையில் வரும். தண்டு சேசிஸில் பொருத்தப்பட்ட ஸ்டியரிங் கியர் பாக்ஸுக்குள் நுழைகிறது. கியர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் தண்டில் பிட்மேன் ஆர்ம் என்ற கை தொங்குகிறது. அந்தக் கை முன்னும் பின்னும் ஆடும்போது, டிராக் லிங்க் என்ற கம்பி ஓட்டுநர் பக்கத்துச் சக்கரத்தைத் திருப்புகிறது. அந்தச் சக்கரத்தையும் எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் டை ராட் இணைக்கிறது. இரண்டு சக்கரங்களும் கிங் பின் என்ற தடித்த ஊசியைச் சுற்றித் திரும்புகின்றன.

இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி தேய்ந்தாலும் ஓட்டுநர் உணர்வது ஒன்றுதான்: லூஸ். ஆனால் கண்ணி எது என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

சிறு தேய்மானம் எப்படிப் பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஸ்டியரிங் 20 பாகை திரும்பினால் பிட்மேன் ஆர்ம் 1 பாகை திரும்பும் கியர் பாக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பிட்மேன் ஆர்ம் 20 சென்டிமீட்டர் நீளம், ஸ்டியரிங் வட்டம் 45 சென்டிமீட்டர் விட்டம். இப்படிப்பட்ட வண்டியில் டிராக் லிங்கில் வெறும் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால், ஸ்டியரிங் விளிம்பில் அது 2 சென்டிமீட்டருக்கு மேல் தெரியும். அதாவது டிராக் லிங்கின் இரண்டு முனைகளிலும் அரை அரை மில்லிமீட்டர் தேய்ந்திருந்தாலே போதும். அந்த அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். விரல் வைத்து உணர வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரத்தை நடத்துவது டை ராட். அதன் முனை தேய்ந்தால் ஸ்டியரிங் வட்டத்தில் அது முழுமையாகத் தெரியாது. ஸ்டியரிங் இறுக்கமாகவே இருக்கும், வண்டி மட்டும் அலையும். கிங் பின், சக்கர பேரிங் ஆகியவற்றின் தேய்மானமும் அப்படியே. ஆகவே ஸ்டியரிங் வட்டத்தை மட்டும் ஆட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆட்டமா, வேறு கோளாறா?

ஓட்டுநர் சொல்லும் குறையைக் கேட்கும்போதே தேட வேண்டிய இடம் பாதி தெரிந்துவிடும்.

திருப்பியும் சக்கரம் தாமதமாகவே கேட்கிறது என்றால் தண்டின் ஜாயிண்ட், கியர் பாக்ஸ், பிட்மேன் ஆர்ம், டிராக் லிங்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் குறைவு, ஆனால் நேர்ச்சாலையில் வண்டி அலைகிறது என்றால் டயர், டை ராட் முனை, கிங் பின், சக்கர பேரிங், பட்டை ஸ்பிரிங்கின் யூ போல்ட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் சக்கர பேலன்ஸ், வளைந்த ரிம், கிங் பின், டை ராட் முனை.

ஒரே பக்கமாக இழுக்கிறது என்றால் டயர் காற்று, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், உடைந்த ஸ்பிரிங் பட்டை.

திருப்பக் கனமாக இருக்கிறது என்றால் கிரீஸ் இல்லாத கிங் பின், பவர் ஸ்டியரிங் எண்ணெய்க் குறைவு, தளர்ந்த பெல்ட்.

வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பவில்லை என்றால், கிரீஸ் வற்றிய கிங் பின் அல்லது யாரோ அளவுக்கு மீறி முடுக்கிவைத்த கியர் பாக்ஸ்.

கடைசி அறிகுறி, வேறொருவரிடமிருந்து வாங்கிய பழைய வண்டிகளில் முக்கியமானது. விற்பதற்கு முன் ஆட்டத்தை மறைக்கத் திருகை முடுக்கியிருக்கலாம்.

முதலில் அளக்க வேண்டும்

சக்கரங்களை நேராக வைத்து, சமதளத்தில் நிறுத்த வேண்டும். பவர் ஸ்டியரிங் வண்டியானால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டேஷ்போர்டில் ஓர் அளவுகோலை நிறுத்தி, ஸ்டியரிங் விளிம்பில் ஒரு துண்டு டேப் ஒட்ட வேண்டும். ஒருவர் கீழே நின்று முன்சக்கரத்தைப் பார்க்க, மற்றவர் ஸ்டியரிங்கை மெதுவாக இடப்பக்கம் திருப்ப வேண்டும். சக்கரம் அசையத் தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு குறிகளுக்கும் இடையிலுள்ள தூரமே ஆட்டம். இதைப் பட்டறையில் ‘பிளே’ என்பார்கள்.

எவ்வளவு ஆட்டம் சரி என்பதற்கு அந்த வண்டியின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. கையேடு கிடைக்காதபோது ஓர் ஒப்பீட்டுக்கு அமெரிக்காவின் மத்திய வணிக வாகன விதியைப் பார்க்கலாம். 18 அங்குல ஸ்டியரிங் வட்டம் உள்ள சாதாரண ஸ்டியரிங்கில் 57 மில்லிமீட்டர், பவர் ஸ்டியரிங்கில் 121 மில்லிமீட்டர் என்பது அந்த விதியின் உச்ச வரம்பு. இதைத் தாண்டிய வண்டி சாலைக்கே வரக்கூடாது என்பது இதன் பொருள். இந்த அளவு வரை இருந்தால் நல்ல வண்டி என்று பொருள் இல்லை. நல்ல நிலையில் உள்ள வண்டியில் ஆட்டம் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

அளந்த எண்ணைத் தேதியோடு எழுதி வைப்பது நல்லது. மூன்று மாதம் கழித்து அளக்கும்போது எண் கூடியிருந்தால், எங்கோ ஒரு மூட்டு வேகமாகத் தேய்கிறது என்று தெரிந்துவிடும். தினமும் ஓட்டும் கைக்கு ஆட்டம் பழகிவிடும். எழுதி வைத்த எண்ணுக்குப் பழகாது.

வண்டிக்குக் கீழே போகுமுன்

பாரத்தை இறக்கிவிட வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஜாக்கை முன் அச்சின் கீழ் வைத்துத் தூக்கியதும், அச்சுக்கு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போகக் கூடாது.

தோட்டத்து மண் மழைக்குப் பின் இளகும். சிமெண்டுத் தரை இல்லாத இடத்தில் ஜாக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கீழே தடித்த பலகையோ இரும்புத் தகடோ போட வேண்டும். செங்கல், சிமெண்டுக் கல் ஆகியவற்றை ஸ்டாண்டாக வைப்பது உயிருக்கு ஆபத்து. அவை சொல்லாமல் நொறுங்கும்.

சோதனை வரிசை

ஒன்று: டயர். இரண்டு முன் டயர்களும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் ரேடியல், மறுபக்கம் பழைய நூல் டயர் என்றிருந்தால் வேறெதைச் சரிசெய்தாலும் வண்டி அலையும். காற்றைக் கருவியால் அளக்க வேண்டும், காலால் உதைத்துப் பார்த்தால் போதாது. டயரின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தாலோ, கையால் தடவும்போது ரம்பம் போலப் பல்லாக இருந்தாலோ அலைன்மெண்ட் கெட்டிருக்கிறது என்று பொருள். சக்கர நட்டுகளின் இறுக்கத்தையும் இப்போதே பார்த்துவிட வேண்டும்.

இரண்டு: சக்கரம் தரையில் இருக்கும்போதே செய்யும் சோதனை. இதற்கு இரண்டு பேர் தேவை. சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கித் தரையில் நிற்கும்போதுதான் பந்து மூட்டுகள் உண்மையைச் சொல்லும். என்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் கேபினில் அமர்ந்து ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சிறிதளவு ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். விரல் மூட்டின் இரு பாகங்களையும் ஒருசேரத் தொட்டிருக்க வேண்டும். ஒரு பாகம் அசைந்து மறுபாகம் பின்தங்கினால் ஆட்டம் அங்கேதான்.

பார்க்க வேண்டிய வரிசை இது. தண்டின் யூனிவர்சல் ஜாயிண்ட். அதன் பிடிப்புப் போல்ட். கியர் பாக்ஸுக்குள் நுழையும் தண்டும் வெளியே வரும் பிட்மேன் ஆர்மும். கியர் பாக்ஸைச் சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட்டுகள். பிட்மேன் ஆர்ம் நட். டிராக் லிங்கின் முன்முனை, பின்முனை. சக்கரக் கையின் போல்ட்டுகள். டை ராட்டின் இரு முனைகள்.

கியர் பாக்ஸின் போல்ட்டுகளைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கியர் பாக்ஸ் முழுவதுமே சேசிஸின் மேல் அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது சேசிஸில் விரிசல் விட்டிருக்கிறது. போல்ட் தலையைச் சுற்றி துருப்பொடி சிவப்பாகக் கசிந்திருந்தால் அது அசைவின் அடையாளம். சேற்றைக் கழுவித் துடைத்த பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். செம்மண் பூசிய சேசிஸில் விரிசல் தெரியாது.

கியர் பாக்ஸுக்குள் ஆட்டம் இருக்கிறதா என்பதற்கு ஒரு தெளிவான சோதனை உண்டு. உள்ளே போகும் தண்டு திரும்பத் தொடங்கிய பிறகும் பிட்மேன் ஆர்ம் அசையாமல் நின்றால், அந்த இடைவெளி கியர் பாக்ஸுக்குள் உள்ளது. தண்டும் பிட்மேன் ஆர்மும் உடனுக்குடன் சேர்ந்து அசைந்தால் கியர் பாக்ஸ் நன்றாக இருக்கிறது. குறை அதற்கு மேலோ கீழோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் கியர் பாக்ஸை மாற்றிவிட்டு, பணம் போன பிறகும் ஆட்டம் போகவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு.

மூன்று: சக்கரத்தைத் தூக்கிச் செய்யும் சோதனை. முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியதும், சக்கரத்தின் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். கைக்கு எடை அதிகமாக இருந்தால் டயருக்குக் கீழே ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பலாம். ஆட்டம் தெரிந்தால், கேபினில் இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லிவிட்டு மீண்டும் ஆட்டிப் பார்க்க வேண்டும். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் அது சக்கர பேரிங்கின் ஆட்டம். பிரேக் பிடித்தும் ஆட்டம் அப்படியே இருந்தால் அது கிங் பின் ஆட்டம்.

பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்ற சத்தமும் முரட்டுத்தனமும் பேரிங் கெட்டதைக் காட்டும்.

நான்கு: பட்டை ஸ்பிரிங். யூ போல்ட் தளர்ந்தாலோ, ஸ்பிரிங் கண்ணின் புஷ் தேய்ந்தாலோ, நடுப்போல்ட் உடைந்தாலோ முன் அச்சே இடம் மாறும். அப்போது ஸ்டியரிங்கின் எல்லா மூட்டும் நன்றாக இருந்தாலும் வண்டி தானாகத் திரும்பும். பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் கையில் இழுத்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்து

டை ராட் முனையும் டிராக் லிங்க் முனையும்: மூடிய வகை பந்து மூட்டில் ஆட்டம் வந்தால் மாற்றுவது ஒன்றே வழி. ரப்பர் உறை கிழிந்து சேறு புகுந்த மூட்டு, இன்று ஆட்டம் காட்டாவிட்டாலும் விரைவில் காட்டும். பழைய முனையைக் கழற்றுமுன் எத்தனை மரை வெளியே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டால், புதியதை ஏறக்குறைய அதே இடத்தில் பொருத்தலாம். ஆனாலும் பிறகு டோ அளவைச் சரிபார்க்காமல் வண்டியை வெளியே எடுக்கக் கூடாது.

சில பழைய வண்டிகளின் டிராக் லிங்கில் முனை மூடியைத் திருகி ஆட்டத்தைக் குறைக்கும் வசதி உண்டு. அதை முடுக்கி, கையேடு சொல்லும் அளவு பின்னுக்குத் தளர்த்தி, ஸ்பிளிட் பின் போட வேண்டும். உள்ளே பந்தும் கிண்ணமும் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் முடுக்குவதால் பயனில்லை.

பந்து மூட்டின் நட்டை உரிய இறுக்கத்துக்குக் கொண்டுவந்ததும் ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால், நட்டை இன்னும் சற்று இறுக்கி அடுத்த துளைக்குக் கொண்டுவர வேண்டும். துளைக்காகப் பின்னுக்குத் தளர்த்தக் கூடாது. பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி பயன்படுத்துவதும், அதற்குப் பதில் ஆணியோ கம்பியோ செருகுவதும் கூடாது.

கிங் பின்: இதற்கு ஊசி, புஷ், கீழேயுள்ள தாங்கு பேரிங் ஆகியவற்றை முழுச் செட்டாக மாற்ற வேண்டும். புதிய புஷ்ஷை உள்ளே ஏற்றியபின் பல வண்டிகளில் ரீமர் போட்டு ஊசிக்குச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேல் புஷ்ஷும் கீழ்ப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். இது பழகிய கையும் சரியான கருவியும் தேவைப்படும் வேலை. இரண்டும் இல்லாத பட்டறையில் கொடுத்தால், சில மாதங்களில் மீண்டும் அதே ஆட்டம் வரும். மேல்கீழ் இடைவெளியைச் சரிசெய்ய உரிய தகட்டு ஷிம் போட வேண்டும்.

சக்கர பேரிங்: கழற்றிக் கழுவி, உருளைகளிலும் வளையத்திலும் நீலம் பாய்ந்த நிறமோ குழியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் உள்வளையம், வெளிவளையம் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நன்றாக இருந்தால் புதிய கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு கையேட்டின்படி தளர்த்த வேண்டும். ஆட்டம் போகட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் சூடேறி உருகும்.

யூனிவர்சல் ஜாயிண்ட்: ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். பிடிப்புப் போல்ட் தளர்ந்ததால்தான் ஆட்டம் என்றால், தண்டின் பல்வரிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று கழற்றிப் பார்த்த பிறகே இறுக்க வேண்டும். கேபினைச் சாய்க்கும் வண்டிகளில், கேபினை இறக்கியபின் இந்த ஜாயிண்ட் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாக வேண்டும்.

பிட்மேன் ஆர்ம்: கழற்றுமுன் தண்டுக்கும் கைக்கும் குறுக்கே ஒரு குறி போட்டுக்கொள்ள வேண்டும். இழுப்பான் கருவியால்தான் கழற்ற வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சி கியர் பாக்ஸுக்குள் போய்ப் பேரிங்கைக் கெடுக்கும்.

கடைசியாகக் கியர் பாக்ஸ்

மேலே சொன்ன எல்லாம் சரியான பிறகும் ஆட்டம் மிச்சமிருந்து, தண்டு-பிட்மேன் ஆர்ம் சோதனையும் கியர் பாக்ஸைக் காட்டினால் மட்டுமே திருகைத் தொட வேண்டும்.

முதலில் கியர் ஆயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிட்மேன் ஆர்ம் பக்கத்து சீல் ஒழுகி, ஆயில் இல்லாமலே ஓடிய கியர் பாக்ஸ் உள்ளே தேய்ந்திருக்கும். அதற்குத் திருகு மருந்தாகாது.

சக்கரத்தை நேராக வைத்து, டிராக் லிங்கைக் கழற்றிவிட்டால் கியர் பாக்ஸின் உண்மை நிலை கைக்குத் தெரியும். ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகத் திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதிக்குக் கொண்டுவந்தால் அதுவே நடு. கோடியில் வேகமாக மோதவிடக் கூடாது. பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு சுற்று அளவு மட்டும் முடுக்கிவிட்டு, திருகு திரும்பாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். உடனே ஸ்டியரிங்கைக் கோடியிலிருந்து கோடிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்காவது பிடித்தாலோ கரகரத்தாலோ திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோக வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்? வண்டி ஓடும் நேரத்தில் பெரும்பகுதி ஸ்டியரிங் நடுவிலேயே இருக்கிறது. ஆகவே பல்சக்கரம் நடுவில்தான் அதிகம் தேய்கிறது. ஓரங்கள் புதிது போலவே இருக்கும். நடுவில் உள்ள ஆட்டம் முழுவதும் போகும் வரை முடுக்கினால், தேயாத பகுதிக்கு வரும்போது பல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. பாரம் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் இறங்கும் வண்டியில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் சிறிது ஆட்டத்தோடு ஒழுங்காக ஓடும் கியர் பாக்ஸ், ஆட்டமே இல்லாமல் பிடித்துக்கொள்ளும் கியர் பாக்ஸைவிட மேலானது. ஆட்டம் அதையும் தாண்டியிருந்தால் கியர் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும்.

ஹாஃப்-கட் கடையில் பழைய கியர் பாக்ஸ் வாங்குபவர், கடையிலேயே அதைக் கோடியிலிருந்து கோடிவரை கையால் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் ஆட்டம், வழியில் தடங்கல், சீலில் ஒழுகல் இருக்கக் கூடாது. தண்டுகளின் பல்வரிகளும் போல்ட் துளைகளின் இடைவெளியும் தங்கள் வண்டியுடையவற்றோடு பொருந்துகின்றனவா என்றும் ஒப்பிட வேண்டும்.

டோ அளவும் சாலைச் சோதனையும்

டை ராட், கிங் பின், பேரிங் ஆகிய எதைத் தொட்டாலும் பிறகு அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். பட்டறை தொலைவில் இருந்தால், அங்கே போய்ச்சேரும் வரைக்கும் டோ அளவைச் சாக்பீஸும் அளவு நாடாவும் கொண்டு சரிபார்க்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, இரு முன் டயர்களின் நடுவிலும் ஒரு மெல்லிய கோடு போட வேண்டும். வண்டியை இறக்கிச் சற்று உருட்டிய பிறகு, அச்சு உயரத்தில் இரு கோடுகளுக்கும் இடையிலான தூரத்தை டயரின் முன்பக்கமும் பின்பக்கமும் அளக்க வேண்டும். பின்பக்க அளவிலிருந்து முன்பக்க அளவைக் கழித்தால் வருவதே டோ. முன்பக்கம் அகன்றிருந்தால் வண்டி அலையும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். சில மில்லிமீட்டருக்குள்ளேயே எல்லாம் அடங்கிவிடும் என்பதால் கண்மதிப்பு உதவாது.

வேலை முடிந்ததும் வெறும் வண்டியைத் தோட்டத்துக்குள் மெதுவாக ஓட்டி, இரு பக்கமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். டயரோ டிராக் லிங்கோ எதிலும் உரசக் கூடாது. பிறகு பெரிய சாலை, அதன் பிறகே பாரம். ஒரு வாரம் ஓடியதும் புதிதாக இறுக்கிய நட்டுகளையெல்லாம் மீண்டும் பார்க்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

ஸ்டியரிங் பாகங்களை வெல்டிங் செய்யக் கூடாது. டை ராட்டையோ சக்கரக் கையையோ தீயில் காய்ச்சி நிமிர்த்தக் கூடாது. சூடேறிய எஃகு தன் வலுவை இழக்கும், பார்வைக்கு மட்டும் பழையபடி இருக்கும். வளைந்தது வளைந்ததுதான், மாற்ற வேண்டும். தேய்ந்த பந்து மூட்டுக்குள் டின் தகடு வைத்து அடைப்பதும், ரப்பர் டியூப்பால் கட்டி ஓட்டுவதும் கூடாது.

கிரீஸ் அடிப்பது பாதி மருந்து

ஆலைச் சாலையின் குழி, மழைக்காலச் சேறு, வறண்ட நாளின் செம்மண் தூசி ஆகியவை தோட்ட லோரியின் மூட்டுகளை நகர லோரியைவிட வேகமாகத் தின்கின்றன. ஆகவே கையேடு சொல்லும் இடைவெளியைவிட அடிக்கடி கிரீஸ் அடிக்க வேண்டும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய பிறகும், சேற்றுநீரில் இறங்கி ஏறிய பிறகும் அடிப்பது நல்லது.

கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது முன் அச்சைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு அடிக்க வேண்டும். வண்டியின் எடை அமுக்கிக்கொண்டிருந்தால் தாங்கு பேரிங்கின் உள்ளே கிரீஸ் சரியாகப் புகாது. பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும் வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் அதை மாற்ற வேண்டும். அடைத்த நிப்பிளைச் சுற்றிக் கிரீஸ் பூசிவிட்டு “அடித்தாயிற்று” என்று எழுதி வைத்தால் கிங் பின் அதை நம்பாது.

வண்டியை நிறுத்திவிட வேண்டிய அறிகுறிகள்

ஆட்டம் ஒரே நாளில் திடீரென்று கூடினால், ஸ்பிளிட் பின் காணாமல் போயிருந்தால், பந்து மூட்டு அதன் கிண்ணத்திலிருந்து வெளியே வருவதுபோல் தெரிந்தால், கியர் பாக்ஸ் போல்ட் உடைந்திருந்தால், சேசிஸில் விரிசல் இருந்தால், ஸ்டியரிங் நடுவழியில் பிடித்துக்கொண்டால் வண்டியை அங்கேயே நிறுத்த வேண்டும். “இந்த ஒரு டிரிப்பை முடித்துவிட்டுப் பார்க்கலாம்” என்ற பேச்சுக்கு இடமில்லை. ஓட்டுநர் இதைச் சொல்லும்போது வண்டி முதலாளியோ மேற்பார்வையாளரோ கோபித்துக்கொள்ளக் கூடாது. ஓட்டுநரும் வாய்ச்சொல்லோடு விடாமல், தேதி, அளவு, கண்ட குறை ஆகியவற்றை வண்டிப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்டு வைப்பது அவருக்கே பாதுகாப்பு.

மலேசியாவில் வணிக வாகனங்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். புஸ்பாகோம் நிலையத்தில் வண்டியின் அடிப்பகுதியும் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கும் அளவும் சோதிக்கப்படுகின்றன. தேய்ந்த மூட்டுகள் பெரும்பாலும் அங்கே பிடிபட்டுவிடும். ஆனால் அந்தச் சோதனை ஆண்டில் இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் பாரத்தோடு இறக்கத்தில் இறங்குபவர் ஓட்டுநர். அவருக்குப் பக்கத்தில் உதவியாளர் இருக்கிறார். எதிரே பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிள் வருகிறது.

இரண்டு பேர், ஓர் அளவுகோல், ஒரு ஜாக், இரண்டு ஸ்டாண்ட், அரைநாள் பொழுது: ஆட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க இவ்வளவு போதும். அதைக் கண்டுபிடித்த பிறகு பட்டறைக்குப் போகிறவர், தேவையான ஒரு பாகத்துக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு வரலாம்.